கடலூர்க் களவாவுக்குப் பசியில்லை

மடியில் மீனை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவனை நம் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. மாமல்லபுரம் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கை அம்மா என் மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் தானே திறந்து பார்த்துவிட்டார். உள்ளே காற்றடைத்த இரண்டு பிளாஸ்டிக் பைகள். பைக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நீளத்தில், நீலமாய், பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள்.

"கொழம்புக்கா, வறுவலுக்கா?"

"ரெண்டுக்கும் இல்லம்மா. வைத்தியத்துக்கு."

"ஓ, இழுப்புக்கு உசுரோட முழுங்குவாங்களே, அதா? யாருக்கு இழுப்பு?"

"ஒரு மீனுக்கு."

அதற்கப்புறம் அந்த அம்மா கடலூர் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் கால் நீட்ட வசதியாகப் போயிற்று.

நான் மாலத்தீவில் ஒரு சுற்றுலாப் படகில் சமையல்காரன். சொந்த ஊர் மதுரை. லீவு கிடைத்து, சென்னையில் விமானம் இறங்கி, நேரே ரயில் ஏறி வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டியவன். கெடுத்தது ஜாபர். எங்கள் படகில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறவன், பரங்கிப்பேட்டைக்காரன்.

"மச்சான், ஊருக்குப் போறீல்ல, போற வழியில ஒரு சின்ன வேலை," என்றான். மெட்ராசிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் கடலூர் எங்கேடா வருகிறது என்று கேட்டேன். "கொஞ்சம் சாஞ்சு போவணும், அவ்ளோதான்," என்றான்.

சின்ன வேலை இதுதான். ஜாபருடைய அக்கா வீட்டுக்காரர் நிஜாமும், அவருடைய கூட்டாளி செல்வமும் ஊர் ஊராகக் கடல் மீன் கண்காட்சி போடுகிறவர்கள். கொட்டகை, கண்ணாடித் தொட்டி, கலர் விளக்கு, வாசலில் டெல்லி அப்பளம், எல்லாம் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் ஆரம்பம். கண்காட்சியின் கதாநாயகன் ஒரு களவா. பெரிய வாயும் உருண்டைக் கண்ணுமாகப் பாறை இடுக்கில் வாழ்கிற மீன். இது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கனம் இருக்கும். உள்ளங்கை அளவாக இருந்தபோது துறைமுகத்துக் கல்லுக்கு நடுவே பிடித்து, கையால் ஊட்டி வளர்த்தவர் செல்வம். அந்தக் களவா சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

ஜாபர் தன் போனில் களவாவின் வீடியோவைக் காட்டினான். கன்னத்தைத் தொட்டிச் சுவரில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நீந்திக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"செவுளு பூரா பேனு மச்சான். மருந்து போட்டாங்க, கொஞ்ச நாள் நின்னுது, திருப்பி வந்துடுச்சு. நல்ல தண்ணியில முக்கிப் பாத்தாங்க, குதிச்சு மூஞ்சைக் கிழிச்சுக்கிச்சு. நம்ம பாறையில கடை வச்சிருக்கானே, அவன மாதிரி ஒருத்தனக் கொண்டுபோய் விட்டுப் பாக்கலாம். மெட்ராஸ் கொளத்தூர்ல தொட்டியில வளக்கற கடல் மீன் விக்கிற கடையில கேட்டா குடுப்பாங்க."

பாறையில் கடை வைத்திருக்கிறவனை எனக்கும் தெரியும். ஜாபர் ஒருநாள் என் முகத்தில் கண்ணாடியை மாட்டி, பிடரியைப் பிடித்து முக்கிக் காட்டினான். ஒரு தனிப் பாறை. அதைச் சுற்றிப் பெரிய பெரிய மீன்கள், ஞாயிற்றுக்கிழமை சலூன் மாதிரி, அவரவர் முறைக்காகச் சும்மா மிதந்துகொண்டிருந்தன. நடுவே இந்தச் சுண்டுவிரல் நீலக்காரன். ஒவ்வொரு மீனாகப் போய், செதிலில் ஒட்டிய பேன், செத்த தோல், புண்ணில் இருக்கிற அழுக்கு, எல்லாவற்றையும் கொத்தித் தின்கிறான். ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய மீன்கள் அவனுக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கின்றன. அவனுக்கு வயிறு நிறைகிறது, அவற்றுக்கு அரிப்பு போகிறது. நான் சமையல்காரன்; எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் சாப்பாட்டைத் தின்கிறவன் என்னைத்தான் குறை சொல்லிவிட்டுப் போகிறான். இங்கே பார்த்தால், சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக வேறு போகிறார்கள்.

புதுச்சேரி தாண்டி, கடலூர் மாவட்ட எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்க்கப் போலீஸ் ஏறியது. தெர்மாகோல் பெட்டியைப் பார்த்ததும் அந்தக் காவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என்னா சரக்கு?" என்றார். திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். கீழே நின்றிருந்த இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, "தண்ணிதான, வேற ஒண்ணும் கலக்கலியே?" என்றார். உப்பு கலந்திருக்கிறது என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் இப்போது மீன் பார்க்க வேண்டும். பெட்டி கடைசி இருக்கை வரைக்கும் போய் என்னிடம் திரும்பி வந்தது. பிரசாதத் தட்டு போனால்கூட இவ்வளவு பத்திரமாகத் திரும்பாது.

கடலூர் என்பது ஒரு ஊரில்லை, இரண்டு. பஸ் நிற்பது புதுநகரில். எனக்கு வேலை இருந்தது முதுநகரில். "ஓ.டி. தானுங்களே, ஏறுங்க," என்றார் ஆட்டோக்காரர், ஓல்டு டவுனைச் சுருக்கி. நான் வேலை செய்கிற பக்கத்தில் சில தீவுகளைக் காலாற நடந்தே சுற்றிவிடலாம். வழிகேட்க வேண்டிய தேவையே வராது. இங்கே பாலம் ஏறி, ஆற்றைப் பார்த்து, கருவாட்டு வாசம் வந்து, போய்விட்டது என்று நினைத்தால் அதைவிட நல்ல கருவாட்டு வாசம் வருகிறது. என் மூக்கு இந்த ஊரை அப்போதே ஒத்துக்கொண்டது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள், மோட்டார் சத்தம். கடைசித் தொட்டிக்கு முன்னால், கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தவர் செல்வம். ஒல்லி. துடைப்பக் குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி.

"வாங்கண்ணா. ஜாபரு சொன்னாப்ல. பெரியவரப் பாருங்க."

களவாவுக்குப் பெயர் பெரியவர். மரியாதையாகத்தான் பேசுவார்கள். பெரியவர் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தார். செவுள் மூடி படபடவென்று அடித்தது. என்னைப் பார்த்த உருண்டைக் கண்ணில் ஒரு சலிப்பு. எனக்குத் தெரிந்த முகம்தான். கடல் ஒத்துக்கொள்ளாமல் படகில் படுத்துவிடுகிற பயணிகள் என் சூப்பை இப்படித்தான் பார்ப்பார்கள்.

"பொழைக்குமாண்ணா?" என்றார் செல்வம்.

எனக்கு என்ன தெரியும், நான் சமையல்காரன். ஆனால் அந்த ஆள் கேட்ட விதத்தில், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்ப்போம்ங்க," என்றேன்.

சாயங்காலம் நிஜாம் வந்தார். செல்வத்துக்கு நேரெதிர். தொப்பை, அத்தர் வாசம், ஓயாத பேச்சு. "நம்ம மச்சானோட தோஸ்து, வெறுங்கையோட விட்டா என் வூட்ல என்னைய உள்ளயே சேக்க மாட்டாங்க," என்று பரங்கிப்பேட்டையிலிருந்து அடுக்குக் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். இறால் போட்ட நெய்ச்சோறு, கறிக் குருமா, கடைசித் தட்டில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம். நெய்ச்சோற்றைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தமே. மதுரைக்காரன் நான், வெளியூரில் சாப்பிட்டால் ஒரு குறையாவது சொல்லாவிட்டால் செரிக்காது. தேடிப்பிடித்து, வட்டலப்பத்தில் இனிப்பு ஜாஸ்தி என்றேன். "அது ஜாஸ்தியாத்தான் இருக்கணும்," என்று நிஜாம் இன்னொரு துண்டு வைத்தார்.

செல்வம் தொடவில்லை. ஒரு டீ மட்டும் குடித்தார்.

"இவரு இப்புடித்தான் தம்பி," என்று நிஜாம் குரலைத் தணித்துச் சொன்னார். "அது திங்காததுலேருந்து இவரும் சரியா திங்கறது இல்ல. வூட்ல அவுங்க சம்சாரம் சொல்லிப் பாத்துட்டாங்க. முந்தா நாளு மீன் கம்பெனி ஆளு ஒருத்தன் வந்து, எத்தினி கிலோ தேறும்னு எட்டிப் பாத்தான். அவன கடப்பாரைய எடுத்துகிட்டு தொரத்துனாரு. பெரியவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தத் தொழிலே வேணாம்ங்கறாரு. நான் ஃப்ளெக்ஸ் அடிச்சு சிதம்பரம் பூரா கட்டிட்டேன்."

ஃப்ளெக்ஸின் படத்தைப் போனில் காட்டினார். 'ஆளை விழுங்கும் ராட்சத மீன்' என்று எழுதி, பெரியவரின் பல்லைக் கொஞ்சம் நீளமாக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வைத்தியத்தை ஆரம்பித்தோம். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, ஜாபர் சொன்னதெல்லாம் செய்தேன். ஒரு பையை அவிழ்த்துச் செல்வத்தின் கையில் கொடுத்தேன். அவர் மீன், அவர் கையாலேயே விடட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான்.

செல்வம் விளிம்பில் குனிந்தார். மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியில் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மீனைத் தண்ணீரில் விட்டார்.

பெரியவரின் வாய் திறந்தது. திறந்தது என்றால் பற்றாது. தொட்டிக்குள் ஒரு கிணறு வந்துபோயிற்று. தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. கொளத்தூரிலிருந்து போலீஸ் பந்தோபஸ்தோடு வந்த என் நீலக்காரன் இல்லை.

நான் தொட்டிக்குள் எட்டித் தேடினேன். செல்வமோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "சாப்ட்டுதுண்ணா. பாத்தீங்களா, சாப்ட்டுது."

"யோவ், அது சாப்பாடு இல்லய்யா. அதுதான்யா டாக்டரு."

செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை அளவாக இருந்த நாளிலிருந்து, இரண்டு தட்டுத் தட்டி, பிறகு இரை போடுவது அவர் வழக்கம். தட்டாமல் அந்தத் தொட்டிக்குள் அவர் கை போனதே கிடையாது. பசியே இல்லாமல் கிடந்த மீன்கூட, அந்தச் சத்தத்துக்கு, பழகின தோஷத்தில், வாயைத் திறந்துவிட்டது. ஆசையோடு ஒரு மத்தியை எடுத்து மறுபடி தட்டிப் பார்த்தார். பெரியவர் வாயில் வாங்கி, மென்று பார்க்காமலேயே துப்பிவிட்டு மூலைக்குப் போய்விட்டார்.

"என் கைதாண்ணா கெடுத்துது," என்றார் செல்வம். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன்; வாசலில் போய் நின்று ஜாபருக்குப் போன் போட்டு அவனைத் திட்டினேன்.

ஜாபர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கேட்டான்: "பாறையில பாத்தீல்ல மச்சான். யாரு யாரத் தேடிப் போனா?"

யோசித்துப் பார்த்தேன். சரிதான். நீலக்காரன் தன் பாறையை விட்டு எங்கேயும் போகவில்லை. பெரிய மீன்கள்தான் அவனைத் தேடி வந்தன. கடை அவனுடையது. நாங்கள் என்ன செய்தோம்? வேறொருத்தர் வீட்டுக்குள், அவர் சாப்பாட்டு நேரத்தில், அவர் தட்டில் கொண்டுபோய் டாக்டரை வைத்தோம். இது ஒரு சமையல்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? முதலில் கடையைத் திறக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். வாடிக்கை அப்புறம்தான் வரும்.

சிதம்பரத்தில் கண்காட்சிக் கொட்டகையில் வைத்திருந்த புதுத் தொட்டி காலியாகத்தான் இருந்தது. நல்லதாகப் போயிற்று. இரண்டாவது மீனை முதலில் அங்கே குடிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு பெரியவரை இறக்குவது என்று முடிவு செய்தோம். மதியத்துக்குமேல் பெரியவரைத் தார்ப்பாயில் தூக்கி, குட்டியானை வண்டியில் வைத்த பிளாஸ்டிக் டேங்கில் இறக்கினோம். நிஜாம் முன்னால் டிரைவர் பக்கத்தில். நானும் செல்வமும் பின்னால், டேங்குக்கு இரண்டு பக்கமும். என் மடியில் பழையபடி தெர்மாகோல் பெட்டி.

ஆலப்பாக்கம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போயிற்று. புதுச்சத்திரம் தாண்டியதும் நின்றது. முன்னால் நெல் அறுக்கிற இயந்திரம் ஒன்று வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. எல்லோரும் இறங்கி யோசனை சொன்னார்கள். யோசனை சொன்னவர்களை வைத்துத் தூக்கியிருந்தாலே இயந்திரம் நகர்ந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் காற்று மோட்டாரின் பேட்டரி உயிரை விட்டது. டேங்கில் குமிழி நின்றது. பெரியவர் மேலே வந்து வாயைப் பிளந்தார். செல்வம் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்.

"மக்கு குடுங்க, மக்கு," என்று நான் கத்தினேன். வண்டியில் ஒரு மக்குதான் இருந்தது. தண்ணீரை மொண்டு, தலைக்குமேல் தூக்கி, மறுபடி டேங்கிலேயே ஊற்றினேன். டீ ஆற்றுகிற மாதிரிதான். உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். ரோட்டோரத்து டீக்கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொழில் ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. டீ ஆற்றுகிற தன் பெரிய சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

"சக்கர போட்ட சட்டி இல்லியே?" என்றார் செல்வம், அந்த நிலைமையிலும்.

"நல்லா வெளக்கிட்டுதாங்க வந்தேன். நவுருங்க."

அவர் ஆற்றியதைப் பார்க்க வேண்டும். கை நீளத்துக்குத் தண்ணீர்க் கயிறு. முன்னால் நின்ற மினிபஸ்ஸிலிருந்து வயல் வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் இறங்கிவந்து, சோற்றுத் தூக்குகளைக் கழுவிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் மொண்டு ஊற்றினார்கள். ஒரு அக்கா களவாவைப் பார்த்து, "இம்மாஞ்சோட்டு மீனுக்கு இம்மாம் பேரு வேலை செய்யறமே, இது நமக்கு எதனா செய்யுமா?" என்றார். "வெள்ளிக்கிழமை வாங்க, டிக்கெட் இல்லாம காட்டுறேன்," என்றார் நிஜாம். மொத்த மினிபஸ்ஸுக்குமா என்று அந்த அக்கா கேட்டார். நிஜாம் கொஞ்சம் தயங்கி, ஆமாம் என்றார். இயந்திரம் நகர்வதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. பெரியவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்தோம். தொட்டி நடுவில் ஒரு கல்லை வைத்து, நீலக்காரனை விட்டேன். நான்தான் விட்டேன்; செல்வம் வாசலில் நின்றார். நீலக்காரன் கல்லை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான். பிடித்திருந்தது போல. அதற்கப்புறம் நாலு பேராகத் தார்ப்பாயில் பெரியவரைத் தூக்கிவந்து இறக்கினோம். அவர் நேராக மூலைக்குப் போய், உடம்பைக் கறுப்பாக்கிக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

காலையில் மேல வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். எங்கள் மதுரையில் இட்லிக்கு நாலு சட்னி வைத்து அதில் எது நல்லது என்று தேட விடுவார்கள். இங்கே ஒன்றே ஒன்று, தேட வேண்டியதில்லை. செல்வத்துக்கும் ஒரு தட்டு வாங்கினேன். தள்ளி வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, "போலாமாண்ணா?" என்றார். அந்தத் தட்டையும் நானே சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டாலும் கொத்சு நன்றாகவே இருந்தது. ஆனால் மனசு ஆறவில்லை. என் கண் முன்னால் ஒரு மனுஷன் இலையைத் தள்ளுவது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி.

கொட்டகைக்குத் திரும்பியதும் செல்வம் தன் மோதிரத்தைக் கழற்றி நிஜாமிடம் கொடுத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கையில வேல இருந்தா தட்டிடுவேன்," என்றார்.

வெகுநேரம் நின்றோம். நிஜாம் மோதிரத்தைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார். நீலக்காரன் கல்லுக்கு மேலே வந்து, இடுப்பை ஆட்டி ஆட்டி, மேலும் கீழுமாக ஒரு குதி குதித்தான். மாலத்தீவுப் பாறையில் பார்த்த அதே ஆட்டம். கடை திறந்திருக்கிறது என்று கூவுவது அப்படித்தானாம். பெரியவர் பார்த்தார். கண் மட்டும் நகர்ந்தது. பிறகு மூலையை விட்டு வெளியே வந்தார். மெதுவாக, ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து வருகிறவரைப் போல. கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கறுத்திருந்த உடம்பு வெளிற ஆரம்பித்தது.

வாயைத் திறந்தார்.

"வேணாம்," என்றார் செல்வம். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

நீலக்காரன் அவர் கன்னத்தில் இரண்டு கொத்து கொத்தினான். பிறகு அந்த வாய்க்குள் போய்விட்டான். வால்கூட வெளியே தெரியவில்லை. நேற்று இவன் கூட்டாளி போன அதே கிணறு. உள்ளே செவுளுக்கு நடுவே நீலமாய் எதுவோ அசைந்தது. பெரியவர் ஆடாமல் நின்றார்.

அப்போது வாய் மூட ஆரம்பித்தது.

செல்வம் என் தோளைப் பிடித்தார். முந்தின நாள் மக்கு தூக்கிக் கழன்றிருந்த தோள். எனக்கு உயிர் போயிற்று. வாய் பாதி மூடியது. அங்கேயே நின்றது. பிறகு மறுபடி, முழுசாகத் திறந்தது. நீலக்காரன் செவுள் மூடிக்குக் கீழே வழியாக வெளியே வந்து, மறுபக்கம் போய், விட்ட வேலையைத் தொடர்ந்தான். பெரிய மீன்களுக்கு மூச்சுவாங்க வேண்டியிருந்தால் இப்படித்தான் பாதி வாய் மூடிச் சொல்லுமாம், 'வெளியே போப்பா' என்று. ஜாபர் பிறகு சொன்னான். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என் தோளாவது பிழைத்திருக்கும்.

நிஜாம், "அல்லாஹ்வே," என்று அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை. லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்துக்கொண்டு, மறுபடி அழுதார்.

அன்று பூராவும் அதே வேலை. பெரியவர் கல்லுக்கு வருவார், வாயைத் திறப்பார். முடிந்ததும் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்ப வந்து நிற்பார். ஒருதரம் நீலக்காரன் பேனை விட்டுவிட்டுத் தோலையே கடித்துவிட்டான் போல. பெரியவர் உடம்பை ஒரு உதறு உதறி அவனை விரட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் இவரே போய் நின்றார். வேறு எங்கே போவார்? அந்த ஊரில் ஒரு கடைதானே. பேன் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரில் தேய்ப்பது நின்றிருந்தது. செவுள் நிதானமாக அடித்தது.

மதுரையிலிருந்து என் மனைவி போன் செய்தாள். ஒரு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். "எனக்கும்தான் சரியில்லை," என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முடிந்ததும் கிளம்பிவிடுவது என்று சத்தியம் செய்து மெசேஜ் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கண்காட்சி திறப்பதற்கு முன்னால், செல்வம் ஒரு மத்தியைக் கையில் எடுத்தார். தொட்டியருகே போனார். விரல் தானாக உயர்ந்தது. விளிம்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"தட்டுங்களேன்," என்றார் நிஜாம். "நல்லாத்தான இருக்காரு."

"தட்ட மாட்டேன். அந்தச் சின்னவன் பக்கத்துல இருக்கான். எதுக்கு வம்பு."

மத்தியை ஒரு குச்சி நுனியில் செருகி, சத்தமில்லாமல், கல்லுக்கு எதிர்க்கோடியில் இறக்கினார். பெரியவர் கல்லருகில் நின்றிருந்தார். பார்த்தார். கிளம்பினார். போகிற வழியில் நீலக்காரன் குறுக்கே நின்றான். அவனைச் சுற்றிக்கொண்டு போனார். மத்தியை வாங்கினார். விழுங்கினார். துப்பவில்லை. செல்வம் அடுத்ததைச் செருகினார். அதையும் வாங்கினார்.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் அப்பளக் கடைக்காரர் வைத்திருந்த அடுப்பைக் கேட்டு வாங்கினேன். மார்க்கெட்டில் காலையிலேயே நெத்திலி வாங்கி வைத்திருந்தேன், நம்பிக்கைதான். புளியைக் கரைத்து, பூண்டைத் தட்டி, எங்கள் ஊர்ப் பக்குவத்தில் குழம்பு வைத்தேன். மாலத்தீவில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிற குழம்பு.

வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. சொன்னபடி மினிபஸ் அக்காவும் வந்திருந்தார், சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. "ஆள முழுங்கும்னு போட்டிருக்கு, இது என்னமோ வாயப் பொளந்துகிட்டு சாந்தமா நிக்குது?" என்று அவர் கேட்க, நிஜாம் ஃப்ளெக்ஸை மாற்றிவிடுவதா வேண்டாமா என்று குழம்பி நின்றார்.

பின்பக்கம், கவிழ்த்த பக்கெட்டின் மேல் செல்வத்தை உட்கார வைத்தேன். தட்டில் சோற்றைப் போட்டு, நடுவில் குழிபறித்து, குழம்பை ஊற்றி, கையில் கொடுத்தேன். மறுக்கவில்லை. பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய். நான் அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் பாதி காலியானதும் அவர் நிமிர்ந்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மிண்ணா," என்றார்.

படகில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் தட்டைப் பிடுங்கிக் கடலில் வீசியிருப்பேன். நான் உப்பு ஜாடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.